புளியரை தாண்டி ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதிய காலத்தில் மாதம் ஒரு தடவை வசூலுக்குக் கேரளாவில் உள்ள புனலூர் போய்வருவேன் என்று போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சமையல், சர்க்கரை நோய், பட்டா மாறுதல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை புனலூர் மட்டும்தான்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் பணி ஓய்வு பெற்றவர்கள். சொந்த வண்டி கிடையாது. காலையில் கிளம்பிப் புனலூர் சந்தை, தொங்கு பாலம் இரண்டையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப முடியுமா? (வாசகி, பாளையங்கோட்டை)

முடியும் அக்கா. திருநெல்வேலியிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். தென்காசி வரை பாதித் தூரம், அதில் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டே போகலாம். செங்கோட்டையில் கண்டிப்பாக முழித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து புனலூர் வரை உள்ள 50 கிலோமீட்டர்தான் இந்தப் பயணம்.

போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொண்டால் நல்லது. செங்கோட்டையிலிருந்து மலை ஏறும் ரயில்களில் சில ராத்திரியில் போகின்றன. இருட்டில் அந்தப் பாதையில் போவதற்குப் பதில் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பகல் ரயிலின் நேரத்தை முந்தின நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தோதுப்படவில்லையா, இரண்டு பக்கமும் பஸ்ஸே போதும். தமிழ்நாட்டு பஸ்ஸும் ஓடுகிறது, கேரளா பஸ்ஸும் ஓடுகிறது. ஒன்று மட்டும்: நம் டவுன் பஸ்ஸில் உள்ள மகளிர் இலவசம் எல்லை தாண்டும் பஸ்ஸில் செல்லாது. என் தங்கை கண்டக்டரிடம் வாதாடிப் பார்த்துவிட்டாள்.

செங்கோட்டையில் ரயிலுக்குப் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டுவார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, ஆள் ஓடினால் பிடித்துவிடலாம் என்கிற வேகத்தில் வண்டி ஏறும். பகவதிபுரம் நம் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான குகை. உள்ளே போகும்போது தமிழ்நாடு, வெளியே வரும்போது கேரளா. நம் பக்கம் காய்ந்த புல்லும் பனையும். குகையின் அந்தப் பக்கம் கதவருகே நின்றால் ஈர மண் வாசனை மூக்கில் ஏறும். ஒரே மலையின் இரண்டு முதுகு.

இந்தப் பாதை போட்டது 1904-ல், மீட்டர் கேஜில். அதை அகலப்படுத்த 2010-ல் மூடினார்கள். 2018-ல்தான் திரும்ப முழுசாக ஓடியது. நடுவில் எட்டு வருஷம் ரயிலே இல்லை. என் வசூல் காலத்தின் கடைசி இரண்டு வருஷம் காய்கறி லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனேன். எல்லையில் இருக்கிற புளியரை எஸ் வளைவில் எதிரே வைக்கோல் லாரி வந்தால் டிரைவர் கோட்டைவாசல் கருப்பசாமியைக் கூப்பிடுவார். நான் என்னுடைய வசூல் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

புனலூரில் இறங்கியதும் முதலில் சந்தை. பாலம் எங்கேயும் ஓடிவிடாது, சந்தைச் சரக்கு பத்து மணிக்கு மேல் வாடிவிடும். சாப்பிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து, வெயில் சாய்ந்தபிறகு பாலத்துக்கு வாருங்கள். பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். கல்லடை ஆற்றின் குறுக்கே 1877-ல் கட்டி முடித்தது. திருவிதாங்கூரில் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலம். இரண்டு கரையிலும் கல் கோபுரம், அதிலிருந்து இரும்புச் சங்கிலி, சங்கிலியில் தொங்குகிற மரப் பலகை. ஒரு காலத்தில் மாட்டுவண்டி, மோட்டார் வண்டி எல்லாம் இதன் மேல்தான் போயின. இப்போது மனிதர் மட்டும் நடக்கலாம். பாலம் கட்டிய வெள்ளைக்கார எஞ்சினியர், யானைகளை மேலே நடக்கவிட்டுத் தன் குடும்பத்தோடு கீழே படகில் உட்கார்ந்திருந்தாராம். புனலூரில் யாரிடம் பாலத்தைப் பற்றிக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். யானையின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். நான் நம்பியதில்லை, சொல்கிறவரை நடுவில் நிறுத்தியதும் இல்லை.

மாலை நாலரைக்குள் திரும்ப பஸ் ஏறிவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் முன்னதாக.

கேள்வி: புனலூர் மலையடிவாரம்தானே, குளுகுளு என்று இருக்குமா? (வாசகர், வள்ளியூர்)

இருக்காது. கேரளாவிலேயே அதிக வெயில் பதிவாகும் ஊர்களில் அதுவும் ஒன்று. பங்குனி சித்திரையில் போனால் வள்ளியூரே தேவலை என்று சொல்வீர்கள். பெயரில் மட்டும் புனல் இருக்கிறது.

கேள்வி: புனலூர் சந்தையில் என்னென்ன வாங்கலாம்? காய்கறி அங்கே மலிவா? (வாசகி, சங்கரன்கோவில்)

காய்கறியா? அம்மா, கொஞ்சம் உட்காருங்கள்.

ராத்திரி பாவூர்சத்திரத்தில் லாரி ஏற்றுவோம். கத்தரி, வெண்டை, தக்காளி, முருங்கை, பல்லாரி. விடிவதற்குள் அது புளியரை தாண்டிப் புனலூரில் இறங்கிவிடும். ஒன்பது மணிக்கு நீங்கள் சந்தைக்குள் நுழையும்போது தண்ணீர் தெளித்து அடுக்கி வைத்திருப்பார்கள். நான் ராத்திரி எடைபோட்டு அனுப்பிய வெண்டைக்காயைக் காலையில் என்னிடமே விலை சொல்லி நீட்டிய கடைக்காரர் உண்டு. லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் சேர்ந்த விலை. ஓணத்துக்கு முந்தின நாள் 'உத்ராடப் பாச்சில்' என்று ஊரே கடைத்தெருவில் ஓடும். அன்றைக்குச் சொல்லும் விலையை நான் இங்கே எழுதினால் எங்கள் மண்டியில் தக்காளி விற்கிற சம்சாரி, அதாவது விவசாயி, அழுதுவிடுவார். ஆகையால், இங்கிருந்து போன சரக்கை அங்கே வாங்கி இங்கே சுமந்துவராதீர்கள். அங்கே விளைகிறதை மட்டும் வாங்குங்கள்.

முதலில் மிளகு. 'மலஞ்சரக்கு' என்று போர்டு போட்ட கடைகள் இருக்கும். மலையில் விளைகிற மிளகு, பாக்கு, சுக்கு, ரப்பர் ஷீட் எல்லாம் வாங்கி விற்கிற கடை. உள்ளே போனால் ரப்பர் ஷீட்டின் புகை நாற்றம் தலையைச் சுற்றும். பயப்படாதீர்கள், மிளகு அங்கேதான் நம்பி வாங்கலாம். மார்கழியிலிருந்து மாசி, பங்குனி வரை புது மிளகு வரும்.

நான் மிளகு வாங்கப் படித்தது ஏமாந்த பிறகுதான். ஒரு தடவை வசூல் சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில், திரும்பும் வழியில் ரோட்டோரக் கடை ஒன்றில் கறுகறுவென்று மின்னிய மிளகு இரண்டு கிலோ வாங்கிவந்தேன். வீட்டில் என் மனைவி ஒரு கை அள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் மேல் எண்ணெய் ஏடு கட்டியது. பாதி மிளகு மிதந்தது. மிதந்ததில் பாதி மிளகே இல்லை, பப்பாளி விதை. "ஊரான் கணக்கையெல்லாம் சரிபார்க்கிற ஆளு" என்று மட்டும் சொன்னாள். அந்த மிளகு தீரும் வரை ரசம் வைக்கும் நாளெல்லாம் அந்த வாக்கியமும் சேர்ந்து வரும்.

அடுத்த மாதம் ஒரு மலஞ்சரக்குக் கடைப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு லிட்டர் படியை எடுத்தார், மிளகை நிரப்பித் தலைதட்டித் தராசில் கொட்டினார். 550 கிராம். "லிட்டருக்கு இத்தனை நின்றால் மிளகுக்கு உள்ளே பருப்பு இருக்கிறது, இல்லையென்றால் தோல்தான்" என்றார். வியாபாரிகள் மிளகைத் தரம் பிரிப்பதே இந்த லிட்டர் எடையை வைத்துத்தான். நாம் படி கொண்டு போக வேண்டாம். நாலு மிளகைப் பல்லில் கடியுங்கள். நறுக்கென்று உடைந்து காரம் நாக்கின் நடுவில் நிற்க வேண்டும். விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டக்கூடாது. அளவுக்கு மீறி மின்னினால் வாங்காதீர்கள். நல்ல மிளகு பார்ப்பதற்குக் கொஞ்சம் சோம்பலாகத்தான் இருக்கும்.

அடுத்தது குடம்புளி. நம் வீட்டில் சாளைக் குழம்புக்கு மரத்துப் புளிதான் கரைப்போம். ஒரு தடவை குடம்புளி போட்டு மண்சட்டியில் வைத்துப் பாருங்கள். அன்றைக்குச் சாப்பிடாதீர்கள், மறுநாள் காலையில் பழையதுக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். கறுப்பாக, புகை வாசனையோடு, அமுக்கினால் மெத்தென்று இருப்பதுதான் சரக்கு. கல் மாதிரி இருந்தால் பழசு. கால் கிலோ ஒரு வருஷத்துக்கு வரும்.

பலாப்பழம் முழுசாக வாங்காதீர்கள். இதற்குக் காரணம் சொல்லமாட்டேன், ஒருநாள் பலாப்பழத்தோடு கூட்டமான பஸ்ஸில் ஏறிப்பாருங்கள்.

ஏத்தங்காய் வறுவல், அதாவது சிப்ஸ், போடுகிற இடத்தில் நின்று வாங்க வேண்டும். தேங்காய் எண்ணெய் கொதிக்கும்போது காயை நேராகச் சட்டிக்கு மேல் சீவுவார்கள். வெந்து வருகிற சமயத்தில் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை எண்ணெய்க்குள்ளேயே ஊற்றுவார்கள். சடசடவென்று பொரிகிற அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் ஓரடி பின்னால் போவோம், போடுகிறவர் மட்டும் அசையமாட்டார். இதில் ஒரு விஷயம். அந்த ஏத்தங்காயில் எத்தனையோ குலை நம் களக்காட்டிலிருந்து போனதுதான். இங்கிருந்து போனதை வாங்காதீர்கள் என்று இப்போதுதானே சொன்னீர் என்று கேட்பீர்கள். இது வேறு கணக்கு. கட்டிக்கொடுத்த பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மாதிரி. இதைக் கூட்டிவரத்தான் வேண்டும்.

கேள்வி: ஐந்து கிலோ மிளகோடு வந்தால் புளியரை செக்போஸ்ட்டில் பிடிப்பார்களா? (வாசகர், கடையநல்லூர்)

வீட்டுக்கு வாங்கினதை யாரும் பிடிக்கப்போவதில்லை. கடைப் பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். முன்பெல்லாம் விற்பனை வரிச் செக்போஸ்ட்டில் லாரிகள் விடிய விடிய நிற்கும், டிரைவர்கள் ரோட்டோரம் சோறு பொங்கிச் சாப்பிடுவார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு அது போய்விட்டது. போலீஸ், வனத்துறை, ஆர்.டி.ஓ. சோதனை இருக்கிறது. கேரளாப் பக்கம் ஆரியங்காவில் நம் பால் வண்டிகளை நிறுத்திப் பாலைச் சோதிப்பார்கள். அவர்கள் பக்கம் பறவைக் காய்ச்சல் என்றால் நம் பக்கம் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பார்கள், கோழியும் வாத்தும் வந்த வழியே திரும்பும். எந்தப் பக்கம் போனாலும் மது பாட்டில் மட்டும் பையில் வேண்டாம். பில் இருக்கிறதே என்று வாதாடுகிற இடம் அது இல்லை.

கேள்வி: எனக்கு மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்க முடியுமா? (வாசகி, சுரண்டை)

நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆண்களாக இருந்தால் "அண்ணாச்சி, வா" என்பார்கள். அங்கே வா என்பது மரியாதைக் குறைவு இல்லை, அதனால் முகம் சுளிக்காதீர்கள். என் மச்சினர் சுளித்துக்கொண்டு ஒரு நல்ல சாப்பாட்டை இழந்தார்.

தெரியாத வார்த்தையால் ஆபத்து இல்லை, தெரிந்த மாதிரி இருக்கிற வார்த்தைதான் கவிழ்க்கும். 'வெள்ளம்' என்று அலறினால் ஆறு உடைந்துவிடவில்லை, யாரோ குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். பலசரக்குக் கடையில் சர்க்கரை கேட்டால் வெல்லத்தைக் கட்டித் தருவார்கள், அங்கே அதுதான் சர்க்கரை. சீனிக்கு 'பஞ்சசார' என்று பெயர். நம் ஊர்ப்பக்கம் சீனி என்றே சொல்வதால் நாம் பாதி தப்பித்தோம், மெட்ராஸ்காரர்கள்தான் மாட்டுவார்கள். 'பட்டி' என்றால் நாய். ஆகவே ஆலம்பட்டி, மேலப்பட்டி என்று சொந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் உதட்டைக் கடித்தால் கோபப்படாதீர்கள். டீக்கடையில் சீனி வேண்டாம் என்பதற்கு 'வித்தவுட்' என்றால் போதும்.

ஹோட்டலில் டம்ளரில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைப்பார்கள். பாத்திரம் கழுவின தண்ணீர் என்று நினைத்து நான் முதல் தடவை கை கழுவிவிட்டேன். அது பதிமுகம் என்கிற மரத்தின் கட்டைச் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த குடிதண்ணீர். அன்றைக்குப் பரிமாறின சேச்சி ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார்.

கேள்வி: ஆரியங்காவில் லாட்டரி வாங்கலாமா? (வாசகர், கடையம். பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

போடவில்லை, கவலைப்படாதீர்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே தடை. கேரளாவில் அரசாங்கமே நடத்துகிறது. ஆரியங்காவில் பஸ் நிற்கும் இடத்தைச் சுற்றி லாட்டரிக் கடைகள்தான், வாங்குகிறவர்களில் நம் ஆட்கள் நிறைய. அங்கே நின்று உங்களுக்கென்று ஒரு சீட்டு வாங்குவது உங்கள் பாடு. கட்டுக் கட்டாக வாங்கிவந்து இங்கே விற்றால் போலீஸ் பாடு.

2021-ல் அங்கே ஒரு லாட்டரி வியாபாரி கையில் விற்காமல் தங்கிப்போன ஒரு சீட்டுக்குப் பம்பர் பரிசு 12 கோடி விழுந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஏனென்றால் இதைப் படித்தபிறகு நீங்கள் பத்துச் சீட்டு வாங்குவீர்கள். கொஞ்சம் கவனியுங்கள் சார், பரிசு விழுந்தது யாரும் வாங்காத சீட்டுக்கு.

கேள்வி: கழுதுருட்டி பாலத்தின் மேல் ஏறி போட்டோ எடுக்கலாமா? பைக்கில் போகிறோம். (மூன்று நண்பர்கள், தென்காசி)

வேண்டாம் தம்பிகளா. கழுதுருட்டியின் அந்தப் பதின்மூன்று கண் பாலம் பாழடைந்த கோட்டை இல்லை, மேலே ரயில் ஓடுகிறது. மீட்டர் கேஜ் நின்றிருந்த வருஷங்களில் எல்லாரும் ஏறி நடந்து படம் எடுத்துப் பழகிவிட்டார்கள், அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாலம் முழு அழகோடு தெரிவது கீழே ரோட்டிலிருந்துதான். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், ரயில் வரும் நேரம் தெரிந்தால் காத்திருங்கள். மெதுவாகத்தான் போகும், படம் எடுக்க நேரம் கொடுக்கும்.

கேள்வி: செங்கோட்டை முன்பு கேரளாவில் இருந்ததாமே, உண்மையா? (மாணவி, அம்பாசமுத்திரம்)

கேரளா என்ற மாநிலம் பிறந்த அன்றைக்குத்தான் செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது அம்மா. 1956 நவம்பர் 1. அதற்கு முன்பு அது திருவிதாங்கூர் சீமை. அதன்பிறகு திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். வீடு மாறாமலேயே விலாசம் இத்தனை தடவை மாறிய பாட்டிகள் அங்கே இருப்பார்கள். எங்கள் ஆச்சி பண்பொழிக்காரி. திருவிதாங்கூர்ச் சக்கரம் ஒன்று, செம்புக் காசு, சுருக்குப் பையில் கடைசிவரை வைத்திருந்தாள். செல்லாத காசை ஏன் சுமக்கிறாய் என்று தாத்தா கேட்டால், "செல்லாட்டி என்ன, என்னுது" என்பாள்.

ஆரியங்காவு ஐயப்பன் கோவிலில் மார்கழியில் திருக்கல்யாணம் நடக்கும். பெண் வீட்டார் யார் தெரியுமா? மதுரைச் சௌராஷ்டிரர்கள். வருஷா வருஷம் சீர்வரிசையோடு போய்ச் சம்பந்தி மரியாதை வாங்கித் திரும்புகிறார்கள். எல்லைக்கோடு 1956-ல் வந்தாலும், சம்பந்தம் அறுந்துபோகவில்லை.

கேள்வி: எந்த நாளில் போகக்கூடாது? (வாசகர், ஆலங்குளம்)

ஞாயிற்றுக்கிழமை. பாதிக் கடை பூட்டியிருக்கும். ஹர்த்தால் அறிவித்த நாள், முழுக்கடையும் பூட்டியிருக்கும். நான் அப்படி ஒருநாள் வசூலுக்குப் போய்ப் பஸ் நிலையத்து பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்து, சில்லறையை எண்ணிக்கொண்டு திரும்பினேன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம், பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது.

கேள்வி: புனலூரில் என் மகளின் தோழி வீட்டுக்கும் போகிறோம். நம் ஊரிலிருந்து என்ன வாங்கிப்போகலாம்? அல்வாதானே? (வாசகி, மேலப்பாளையம்)

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் வசூலுக்குப் போகும் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கு, ஓணம் விருந்து அன்றைக்கு, ஒரு கிலோ இருட்டுக்கடை அல்வாவோடு போய் நின்றேன். அவர் அம்மாவுக்கு அப்போது எழுபது வயது இருக்கும். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "கோழிக்கோட்டிலும் ஹல்வா கிட்டுமல்லோ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். திருநெல்வேலிக்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? பதில் சொல்ல வாய் வரவில்லை, பாயசத்தைக் குடித்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மாவே வாசல் வரை வந்து, அடுத்த தடவை கருப்பட்டி கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அங்கேயும் கருப்பட்டிக் காப்பி உண்டு, ஆனால் சீனி கலக்காத கருப்பட்டி கிடைப்பது கஷ்டம். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ ஓலைக் கொட்டானில் கட்டி எடுத்துப் போவேன். உடைத்தால் உள்ளே பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பஸ்ஸில் மேலே கம்பித் தட்டில் வைக்க வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு இளகும், எறும்பும் வரும். அதோடு, தென்மலை தாண்டுவதற்குள் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் என்ன விலை என்று கேட்பார்.